பிடிமானம் இல்லாத தண்ணீர்

நாங்குநேரிப் பக்கத்துப் போர்த் தண்ணீரை ஆர்.ஓ. இயந்திரத்தில் விட்டு, வெளியே வருவதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து உடனே பி.எச். பார்த்தால் 6ஐ ஒட்டி ஓர் எண் வரும். அதே டம்ளரில் மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் சின்ன மோட்டாரின் குழாயைப் போட்டு, ராத்திரி முழுக்கக் குமிழ விட்டுக் காலையில் பார்த்தால் 7ஐத் தாண்டியிருக்கும். இடையில் அதில் ஒரு பொடியும் விழவில்லை, ஒரு சொட்டு மருந்தும் விழவில்லை. காற்று மட்டும் போய் வந்திருக்கிறது.

இப்போது அந்த ஆர்.ஓ. நீரை இன்னொரு படி சுத்தம் செய்வோம். மிச்சமிருக்கும் உப்பையும் பிடித்துக்கொள்கிற அயனிப் பிசின் நிறைந்த குப்பி வழியே விடுவோம். தொட்டி வைப்பவர்கள் இதை டி.ஐ. என்பார்கள். இந்த நீரையும் குமிழ விட்டால் எண் எதிர்த்திசையில் போகும். 7க்குப் பக்கத்தில் தொடங்கி 5.6 வரை இறங்கும். முன்னதைவிடத் தூய்மையான நீர், முன்னதைவிட அதிக அமிலம்!

பவளத்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் பதறுவது இந்த இடத்தில்தான். கடலின் பி.எச். 8.1. தொட்டியில் 8க்கும் 8.4க்கும் நடுவே இருக்க வேண்டும் என்று படித்திருப்பார்கள். “ஆர்.ஓ. தண்ணி 6 காட்டுதே, உப்புக் கலக்கறதுக்கு முன்னாடி எதப் போட்டு இத ஏத்துறது?” என்று கேட்பார்கள். எதையும் போட வேண்டாம் என்பதே பதில். ஏன் வேண்டாம் என்று புரிந்துகொண்டால், கடல் எப்படிக் கடலாக இருக்கிறது என்பதில் பாதி புரிந்துவிடும். அதனால் இந்தக் கேள்விக்கு ஓர் அத்தியாயமே தரலாம்.

முதலில் நம் ஊர்த் தண்ணீர். பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணி மலைப்பாறை மேல் வேகமாக ஓடி வருகிறது. கல்லைக் கரைத்துக்கொள்ள அதற்கு அவகாசம் குறைவு. மேல்பகுதி ஆற்றுநீர் மென்மையாக இருப்பதும், பருப்பு சீக்கிரம் வேகிறதென்று மக்கள் சொல்வதும் அதனால்தான். நாங்குநேரிக்கு ஆறு நேராக வருவதில்லை. மழையை நம்பிய குளங்களும் 1958இல் கட்டி முடிந்த மணிமுத்தாறு அணையின் கால்வாயும்தான் இந்த வறண்ட சீமைக்குக் கைகொடுக்கின்றன. மற்றபடி போர் போட வேண்டும். கடினப்பாறையின் வெடிப்புகளில் நெடுநாள் தங்கிய நீர் கல்லோடு பழகிப் பழகிக் கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட், சிலிக்கா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மேலே வருகிறது. பல இடங்களில் பக்கெட்டின் உள்விளிம்பில் வெள்ளையாகப் படியும் உப்பே அதற்குச் சாட்சி.

பவளத்துக்கும் கால்சியம், பைகார்பனேட் இரண்டும் வேண்டுமே, இதையே ஊற்றினால் என்ன? விகிதம் கடலோடு ஒத்துப்போகாது. கூடவே வரும் நைட்ரேட்டும் சிலிக்காவும் பாசியைக் கிளப்பிவிடும். தொட்டி நீர் தினமும் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. குறைந்ததை ஈடுகட்ட போர்த் தண்ணீர் ஊற்ற ஊற்ற, வேண்டாத உப்பெல்லாம் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். வெறும் நீரிலிருந்து தொடங்குவது அதனால்தான்.

நீரை வெறுமையாக்கும் சவ்வுக்குப் பின்னால் நம்மவர் ஒருவரின் உழைப்பும் உண்டு. கடல்நீரிலிருந்து பயன்படும் வேகத்தில் நன்னீர் பிழிந்து தரும் சவ்வை 1959இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்ற இருவர். இன்று தெருவுக்குத் தெரு ஓடும் ஆர்.ஓ. இயந்திரங்களுக்கெல்லாம் மூலம் அந்த வேலைதான்.

அந்தச் சவ்வு ஒன்றை மட்டும் தடுக்காது. மின்னூட்டம் உள்ள உப்புத்துகள்களை நிறுத்திவிடும். கரைந்திருக்கும் வாயுவை நிறுத்தாது. போர்த் தண்ணீரில் பைகார்பனேட்டும் கார்பன் டை ஆக்சைடும் ஒன்றையொன்று சமன்செய்தபடி சேர்ந்தே இருக்கின்றன. சவ்வுக்கு முன்னால் பைகார்பனேட் நின்றுவிடுகிறது, கார்பன் டை ஆக்சைடு தடையின்றிப் புகுந்துவிடுகிறது. தட்டிக்கேட்க ஆளில்லாத அந்த வாயு நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி எண்ணை 6க்கு இழுக்கிறது. குமிழ விட்டால் உபரி வாயு காற்றோடு போய்விடும். சவ்வைத் தாண்டி வந்த சொற்ப பைகார்பனேட் எண்ணை மேலே தூக்கும். நீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு வாயு. ஆற்றுநீர் வரும் ஊர்களைவிடப் போர்த் தண்ணீர் ஊர்களில் ஆர்.ஓ. நீர் கூடுதல் அமிலமாகத் தெரிவதும், டி.ஐ. பிசின் சீக்கிரம் தீர்ந்துபோவதும் இதனால்தான், ஏனென்றால் பிசின் இந்த வாயுவையும் பிடிக்கப் பார்த்துத் தன் சக்தியைச் செலவழிக்கிறது. ஆர்.ஓ. நீரை டிரம்மில் பிடித்து ஒரு நாள் காற்றடித்துவிட்டுப் பிறகு பிசினுக்கு அனுப்பினால் பிசின் அதிக நாள் வரும்.

குடிப்பதற்கென்று வீட்டில் மாட்டும் இயந்திரங்கள் பலவற்றில் கடைசியாக ஒரு ‘மினரல்’ குப்பி இருக்கும். சுவைக்காகக் கொஞ்சம் உப்பைத் திரும்பச் சேர்ப்பது அதன் வேலை. தொட்டிக்கான நீரை அந்தக் குப்பிக்கு முன்னாலேயே பிடித்துக்கொள்ள வேண்டும்.

டி.ஐ. நீரில் நடப்பது வேறு. அதில் பைகார்பனேட்டும் இல்லை, வாயுவும் இல்லை. காற்று பட்டதும் வாயு உள்ளே வருகிறது. இன்றைய காற்றில் பத்து லட்சம் பங்கில் 420க்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. அந்த அளவோடு சமநிலைக்கு வந்த தூய நீரின் பி.எச். 5.6. மேகத்திலிருந்து விழும் சுத்தமான மழைத்துளிக்கும் ஏறக்குறைய இதே எண்தான்.

பி.எச். என்ற அளவு 1909இல் பிறந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் மதுவடிப்பகத்தின் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்த எஸ்.பி.எல். சோரன்சன் என்ற வேதியியலாளர் அதை வகுத்தார். ஹைட்ரஜன் அயனியின் செறிவு ஒரு லிட்டருக்கு எத்தனை மோல் என்பதைப் பத்தின் அடுக்காக எழுதி, அந்த அடுக்கைக் கழித்தல் குறியில்லாமல் எடுத்துக்கொண்டார். அதனால் எண்ணில் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியதாக அர்த்தம். ஆனால் அந்த எண், நீரில் இந்த நொடியில் எவ்வளவு அமிலம் உலவுகிறது என்பதை மட்டும் சொல்லும். இன்னும் ஒரு சொட்டு அமிலம் விழுந்தால் நீர் தாங்குமா என்பதைச் சொல்லாது. தட்டில் ஒன்றுமே இல்லாத பொற்கொல்லர் தராசு மூச்சுக்காற்றுக்கே ஆடும் அல்லவா, தூய நீரின் பி.எச். அப்படித்தான்.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு லிட்டர் அப்பழுக்கற்ற நீர், பி.எச். 7. அதில் மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் 0.1 மோலார் கரைசல், ஒரே ஒரு சொட்டு. எண் 5.3க்கு விழுந்துவிடும். அதே சொட்டை ஒரு லிட்டர் கடல்நீரில் விட்டால் இரண்டாம் தசமத்தில்தான் அசைவு தெரியும். சாதாரண மீட்டருக்கு அதுவும் தெரியாது. இந்தத் தாங்கும் சக்திக்குப் பெயர் அல்கலினிட்டி. கடல்நீரில் லிட்டருக்கு 2.3 மில்லி ஈக்விவலென்ட். மீன்தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் ஜெர்மன் அளவில் ஏறத்தாழ 6.5 டிகிரி. காற்றோடு சமனாகிவிட்ட தூய நீரிலோ இது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இதைக் கண்ணால் பார்க்க வழியிருக்கிறது. அல்கலினிட்டியை அளக்க மீன்தொட்டிக் கடைகளில் கே.எச். கிட் என்று விற்கும் சிறு குப்பியை வாங்குங்கள். அளவுக்குழாயில் 5 மில்லி கடல்நீர் எடுத்து, குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டால் நீர் நீலமாகும். இரண்டு, மூன்று, நான்கு என்று ஒவ்வொரு சொட்டுக்கும் குழாயை மூடிக் குலுக்க வேண்டும். நீலம் நீலமாகவே நிற்கும். ஆறாம் சொட்டில் லேசாகப் பச்சை தட்டும். ஏழாம் சொட்டில் சட்டென்று எலுமிச்சை மஞ்சள். இனித் தாங்காது என்று கடல்நீர் கைவிட்ட இடம் அது. குழாயைக் கழுவி டி.ஐ. நீர் எடுங்கள். முதல் சொட்டு விழும்போதே மஞ்சள்தான், நீலம் எட்டிக்கூடப் பார்க்காது. பிறகு போர்த் தண்ணீர். கடினமான நீராக இருந்தால் பதினைந்து சொட்டுக்குப் பிறகும் நீலம் கலையாமல் நிற்பதுண்டு. மீட்டர் காட்டும் பத்து எண்களைவிட இந்த மூன்று குழாய்களும் அதிகம் சொல்லிவிடும் என்பது என் எண்ணம்.

மீட்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பி.எச். மீட்டரின் கண்ணாடி முனை அளப்பது மிகச் சிறிய மின்னழுத்தத்தை. அதற்கு நீர் கொஞ்சமாவது மின்சாரம் கடத்த வேண்டும். டி.ஐ. நீர் ஏறக்குறைய கடத்தாப் பொருள். அதில் முனையை விட்டால் எண் நிலைகொள்ளாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். மீட்டர் கெட்டுவிட்டதென்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த நீருக்கு, கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர்தான் சரியான கருவி. அது 0 அல்லது 1 காட்டினால் போதும், பி.எச். பார்க்கவே தேவையில்லை.

சரி, கடல் உப்பு கலப்பதற்கு முன்பே ஆப்ப சோடா கொஞ்சம் போட்டு எண்ணை ஏற்றினால் என்ன கெட்டுவிடும்? காற்றோடு சமனாக இருக்கும் தூய நீரை 5.6இலிருந்து 7க்கு ஏற்ற லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆப்ப சோடா போதும். நூறு லிட்டர் டிரம்முக்கு அரை கிராம். கிள்ளிப் போடும் அளவு. செயற்கைக் கடல் உப்பு கலக்கும்போதோ, ஒவ்வொரு லிட்டருக்கும் 190 மில்லிகிராம் ஆப்ப சோடாவுக்கு நிகரான அல்கலினிட்டி அந்த உப்பிலிருந்தே வந்துவிடுகிறது. நம்முடைய 5 மில்லிகிராம் அதில் இருந்த இடம் தெரியாது. மாறாக, 8.2 வரும் வரை விடுவதில்லை என்று அள்ளிப் போட்டிருந்தால் வேறு தொல்லை. கால்சியமும் மெக்னீசியமும் நிறைந்த உப்பு உள்ளே விழுந்ததும் உபரி கார்பனேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் பொடியாக அடியில் உட்காரும். பவளத்துக்குப் போக வேண்டிய கால்சியம் டிரம்மின் அடியில் சுண்ணாம்பாகக் கிடக்கும். சேர்த்ததும் வீண், உப்பில் இருந்ததும் வீண்.

செய்ய வேண்டியது எளிது. தூய நீரை டிரம்மில் நிரப்பி, சிறு மோட்டாரால் சுழல விட்டு, லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். உப்பின் மேல் நீரை ஊற்றக் கூடாது. சிறிதளவு நீரில் செறிவு கூடும்போதும் அந்த வெள்ளைப் பொடி இறங்கும். ஒரு ராத்திரி சுழன்று காற்று வாங்கட்டும். மறுநாள் காலையில் முதலில் உப்படர்த்தி, அடுத்து கே.எச்., கடைசியாக பி.எச். இந்த வரிசை முக்கியம். முதல் இரண்டும் சரியாக இருந்தால் மூன்றாவது தானாகவே 8ஐத் தாண்டியிருக்கும்.

தாண்டவில்லையென்றால் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை அல்ல, வீட்டுக் காற்றை. கதவு, ஜன்னல் சாத்தி ஏ.சி. ஓடும் அறையில் நாலு பேர் தூங்கினால் கார்பன் டை ஆக்சைடு 1,000ஐத் தொடுவது சாதாரணம். வெளிக்காற்றைப்போல் இருமடங்குக்கு மேல். அல்கலினிட்டி மாறாமலேயே தொட்டியின் பி.எச். 0.3 வரை கீழே இறங்க அது போதும். தொட்டி நீரை ஒரு செம்பில் மொண்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் குமிழ விட்டு அளந்து பாருங்கள். எண் ஏறினால் அறையின் காற்றுதான் காரணம். பி.எச். ஏற்றும் மருந்தென்று கடையில் விற்பதைவிட ஒரு ஜன்னலைத் திறந்துவைப்பது நல்ல வைத்தியம். பகலில் பவளத்துக்குள் இருக்கும் பாசி ஒளிச்சேர்க்கை செய்து வாயுவை எடுத்துக்கொள்வதால் சாயங்காலம் எண் உச்சத்தில் இருக்கும், விடிகாலையில் அடிமட்டத்தில் இருக்கும். இரண்டுக்கும் 0.3 வித்தியாசம் இருப்பது நோயல்ல.

இதே கணக்கு மன்னார் வளைகுடாவிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட கடல் அது. 117 வகைக் கடினப் பவளங்களை அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் அந்தப் பவளத்தை வெட்டிப் படகுகளில் ஏற்றிச் சுண்ணாம்புக்காகச் சூளைக்கு அனுப்பினோம். பாறை போன பிறகு அலையைத் தடுக்க ஒன்றுமில்லாமல், 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கின. இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது. 2001 முதல் புலிக்குரிய காவல் அதற்கும் உண்டு. கடலிலிருந்து ஒரு துண்டு உடைத்து வந்து வீட்டுத் தொட்டியில் வைப்பது குற்றம். கடையில் யாராவது உள்ளூர்ப் பவளம் என்று நீட்டினால் வாங்காதீர்கள். ஆசைக்கு மீனும் உயிரற்ற பாறையும் வைத்துக்கொள்ளலாம். இந்த நீர்க்கணக்கு அதற்கும் அப்படியே பொருந்தும்.

தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனத்தார் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். அங்கே 2010, 2016 கோடைகளில் சூடு தாங்காமல் பவளங்கள் வெளுத்தன. வெப்பம் கண்ணுக்குத் தெரியும் எதிரி. இன்னொன்று சத்தமில்லாமல் வருகிறது. தொழிற்புரட்சிக்கு முன்பு 8.2ஐ ஒட்டி இருந்த உலகக் கடல்மேற்பரப்பின் பி.எச். இப்போது 8.1. பத்தில் ஒன்றுதானே என்று தோன்றும். சோரன்சனின் அடுக்குக் கணக்கில் அது கால்பங்குக்கு மேலான அமிலக் கூடுதல். இத்தனைக்கும் கடலின் அல்கலினிட்டி ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. ஏ.சி. அறைத் தொட்டிக்கு நேர்ந்ததே கடலுக்கும் நேர்ந்திருக்கிறது. திறந்துவைக்க ஜன்னல்தான் இல்லை. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டும் இடத்தில் ஹைட்ரஜன் அயனியை ஓயாமல் வெளியே இறைத்துத்தான் சுண்ணாம்பைப் படிய வைக்கிறது. வெளியே அமிலம் கூடக் கூட அந்த இறைப்புக்குச் செலவு கூடும். செலவு கூடினால் வளர்ச்சி குறையும்.

வெறும் நீருக்குப் பிடிமானம் கொடுப்பது பெரிய தொழிற்சாலை வேலையாகவும் நடக்கிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 2010இலும் தெற்கே நெம்மேலியில் 2013இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் தொடங்கின. நாங்குநேரிக்குத் தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் கடல்நீரை ஆவியாக்கி நன்னீர் எடுக்கிறார்கள். இப்படிப் பிறக்கும் நீரை அப்படியே குழாயில் விட்டால் அது சிமெண்டையும் இரும்பையும் அரித்து, தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இத்தகைய ஆலைகளில் ஊருக்கு அனுப்பும் முன் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள், அல்லது சுண்ணாம்புக்கல் படுகை வழியே ஓட விடுகிறார்கள். அந்தக் கல் நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தில், சங்கர்நகரில், 1949இல் இந்தியா சிமெண்ட்ஸ் தன் முதல் ஆலையைத் தொடங்கியது அந்தக் கல்லை நம்பித்தான். பவளங்கள் உலகில் தோன்றும் முன்பே படிந்து, பூமிக்குள் வெந்து படிகமான சுண்ணாம்புக்கல் அது. வேதியியல் பெயர் மட்டும் பவள எலும்புக்கூட்டின் பெயரேதான்: கால்சியம் கார்பனேட்.

தொட்டிக்கும் சுண்ணாம்பே கைகொடுக்கிறது. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று காற்றாலைகளைச் சுற்றுகிற வேகத்தில், மூடாத தொட்டியிலிருந்து தினமும் நீர் குறைவது கண்ணுக்கே தெரியும். உப்பு உள்ளேயே இருப்பதால் குறைந்ததை உப்பில்லாத தூய நீரால் ஈடுகட்ட வேண்டும். அந்த நீரை வெறுமனே ஊற்றாமல் சுண்ணாம்புத் தெளிவாக ஊற்றலாம் என்று 1970களில் ஐரோப்பியத் தொட்டிக்காரர்களிடையே பரப்பியவர் பீட்டர் வில்கென்ஸ். தூய நீரில் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கலக்கித் தெளிய வைத்தால், நம் ஊர் வெயிலில் லிட்டருக்கு ஒன்றரை கிராம்தான் கரையும். பி.எச். 12.4. அது தொட்டியில் சொட்டும்போது கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு பைகார்பனேட்டாக மாறுகிறது. பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் கால்சியமும் அல்கலினிட்டியும் சேர்ந்தே திரும்ப வருகின்றன. தூய நீரின் பி.எச்.சை வேண்டுமென்றே மாற்றுவதற்கு நியாயமான காரணம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்கு ஆகாது. அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். ஆய்வகத் தரமுள்ள பொடி வேண்டும். அடியில் தங்கும் வண்டலைக் கிளறாமல் மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்தால் காற்று பட்டு மேலே வெள்ளை ஆடை கட்டிச் சத்து போய்விடும். பகலில் ஊற்றாமல், பி.எச். இறங்கும் ராத்திரி நேரத்தில், மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயும் திருகியும் கொண்டு நொடிக்கு ஒரு சொட்டுக்கும் குறைவாக விட வேண்டும். வேகம் கூடினால் 8.5ஐத் தாண்டி நீர் வெளுக்கும். தொட்டி எவ்வளவு நீரை ஆவியாக விட்டதோ, ஒரு நாளைக்கு அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது.